சிர்சியிலிருந்து ஒரு தொங்கல் இணைப்பு

"கயித்தை இழுத்துப் பிடிங்க சின்ன ஹெக்டேரே!" என்று பாக்கு மரத்து உச்சியிலிருந்து பங்காரியா கௌடா கத்தினார். ஸ்ரீபாத ஹெக்டேயின் கைகள் இரண்டும் கயிற்றில்தான் இருந்தன. காதுதான் பெங்களூருக்குப் போயிருந்தது.

காதில் மாட்டியிருந்த கருவியில் மேனேஜர் ஆராத்யா பேசிக்கொண்டிருந்தார்.

"ஸ்ரீபாத், அங்க யாரோ கயிறு கயிறுன்னு கத்தறாங்களே?"

"மாடி வீட்டுக்காரங்க பீரோ இறக்கறாங்க சார். லிஃப்டுல நுழையலையாம்."

"பாத்துய்யா, தலைல விழுந்துடப் போகுது. விஷயத்துக்கு வரேன். இன்னிக்கு நாலு மணிக்கு மும்பையிலேருந்து ஆடிட் பண்ற மிஸ்திரி மேடம் நம்ம சர்வரைத் திறந்து பாக்கப் போறாங்க. யார் எந்த ஊர்லேருந்து உள்ள வர்றாங்கன்னு ஒண்ணு விடாம பாப்பாங்களாம்."

ஸ்ரீபாதனுக்குக் கை தளர்ந்துவிட்டது.

பாக்கு அறுவடையில் கீழே நிற்பவனுக்குக் கை தளரக் கூடாது. மேலே இருப்பவர் குலையை அறுத்துச் சாய்வாகக் கட்டிய கயிற்றில் மாட்டி விடுவார். கீழே கயிறு விறைப்பாக இருந்தால் குலை சர்ரென்று சறுக்கிக் காலடிக்கு வந்துவிடும். தொய்ந்தால் அது தன் இஷ்டத்துக்குப் போகும். இந்தக் குலை தேர்ந்தெடுத்த இடம், கம்பத்திலிருந்து வீட்டுக் கூரைக்குப் போகும் கறுப்புக் கேபிள். முழுப் பாரத்தோடு அதன்மேல் உட்கார்ந்து, அதையும் கூட்டிக்கொண்டு தரைக்கு வந்தது.

அந்தக் கேபிள் வழியாக வந்துகொண்டிருந்த ஆராத்யாவின் குரல் பாதியில் நின்றது.

"ஐயையோ!" என்றான் ஸ்ரீபாதன்.

"பாக்குக்கு ஒண்ணும் ஆகலே, பயப்படாதீங்க!" என்று மேலிருந்து ஆறுதல் வந்தது.

அவன் பயந்தது பாக்குக்காகவா? வேலைக்காக ஐயா, வேலைக்காக. வெளிநாட்டுக் கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் ஒரு பெங்களூர்க் கம்பெனியில் கணினிகளைக் கட்டி மேய்ப்பவன் அவன். வீட்டிலிருந்து வேலை செய்யலாம், ஆனால் அந்த வீடு பெங்களூரில் இருக்க வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். சட்டத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டவரே ஆராத்யாதான். போன மாதம் பூஜா என்ற பெண் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு மீன்காரியின் கூவல் கேட்டது. அது துளுவில் இருந்ததைக் கண்டுபிடித்து, பூஜா மங்களூரில் இருப்பதை ஆராத்யா அங்கேயே நிரூபித்தார். மறுநாள் பூஜாவுக்கு வேலை இல்லை.

ஸ்ரீபாதன் இருப்பதோ சிர்சிக்குப் பக்கத்தில், ஒரு பள்ளத்தாக்குக்குள், பாக்குத் தோட்டத்துக்கு நடுவில். அப்பாவுக்கு இடுப்புப் பிடிப்பு. கயிறு பிடிக்க ஆள் கிடைக்கவில்லை. மரமேறி பங்காரியா தேதி கொடுத்தால் கொடுத்ததுதான். பெண் வீட்டாரைச் சமாதானப்படுத்திக் கல்யாணத் தேதியைக்கூட மாற்றிவிடலாம், இவர் தேதியை மாற்ற முடியாது. தவறவிட்டால் பாக்கு மரத்திலேயே பழுத்து உதிரும். ஆகவே ஒரு வாரம்தானே, எவனுக்குத் தெரியப் போகிறது என்று ராத்திரி பஸ் ஏறி வந்துவிட்டான்.

கேபிள்காரர் கஜானனா பைக்கில் வந்தார். அறுந்த இடத்தைப் பல்லால் உரித்து, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றினார்.

"இது நிக்குமா கஜானனண்ணா?"

"காத்து அடிக்காத வரைக்கும் நிக்கும்."

"காத்து அடிச்சா?"

"அடிச்சா எனக்குப் போன் பண்ணு."

"லைன் போனா உங்களுக்கு எப்படிண்ணா போன் பண்றது?"

"அதுவும் சரிதான்," என்று ஒப்புக்கொண்டு கஜானனா கிளம்பிவிட்டார்.

ஸ்ரீபாதன் ஓடிப்போய் மடிக்கணினியைப் பார்த்தான். அது சிலையாகியிருந்தது. காரணம் அவனுக்குத் தெரியும். பெங்களூர் சர்வரில் இருக்கும் வரைபடக் கிடங்கைத் தன் கணினியிலேயே ஒரு பெட்டியைப்போல் 'மவுண்ட்' செய்து வைத்திருந்தான். கிடங்கு தூரத்தில் இருந்தாலும் மேசைமேல் இருப்பதுபோலவே திறக்கலாம், மூடலாம். நடுவில் லைன் அறுந்தால்தான் வம்பு. இந்தப் பக்கம் கணினி, பெட்டி திறக்கட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். அந்தப் பக்கம் சர்வருக்கோ லைன் அறுந்ததே தெரியாது. போனில் எதிராளி வைத்துவிட்டுப் போன பிறகும் "உம்... உம்..." என்று தலையாட்டிக்கொண்டிருக்கும் மாமாவைப்போல, ஆள் இருக்கிறான் என்று நம்பி இணைப்பைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

கணினியை அணைத்து, எழுப்பி, கிடங்கை மறுபடி மவுண்ட் செய்துவிட்டு, சர்வரில் யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்துப் பார்த்தான். கிடங்குக்குள் நுழைய எல்லோருக்கும் ஒரே பொதுப் பெயர், ஒரே பாஸ்வேர்டு. ஆளுக்கு ஆள் வித்தியாசம் காட்டுவது எங்கிருந்து வருகிறார்கள் என்ற முகவரி மட்டும்தான். பெங்களூர், பெங்களூர், பெங்களூர் என்று வந்த வரிசையில் நடுநடுவே சிர்சி, சிர்சி, சிர்சி.

உயிருள்ளது ஒன்று, அறுந்து தொங்குவது ஒன்று. சரி, நேற்றைக்கு அறுந்ததும் தொங்குகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டான். நாலு மணிக்கு மிஸ்திரி மேடம் கண்ணில் இது பட்டால் பூஜாவின் கதிதான்.

இனிமேல் லைன் போனால் தானாகவே சேர்ந்துகொள்ளும்படி ஒரு ஏற்பாடு செய்துவிட்டு, அப்புறம் நிதானமாகத் தொங்கல்களைத் துடைக்கலாம் என்று முடிவு செய்தான். ஏற்பாட்டைச் செய்து முடித்தான். வெளியே காற்று அடித்தது.

டேப் சுற்றிய கேபிள் ஆடியது. ஆடும்போதெல்லாம் லைன் போய்ப் போய் வந்தது. போனபோதெல்லாம் ஒரு இணைப்பு தொங்கியது. வந்தபோதெல்லாம் கணினி சமர்த்தாகப் புதிதாக ஒன்றைப் போட்டது. ஸ்ரீபாதன் ஒரு டம்ளர் கஷாயம் குடித்துவிட்டு வந்து பட்டியலைப் பார்த்தான். திரை முழுக்க சிர்சி.

"அப்பா!" என்று அலறினான்.

சுப்ராய ஹெக்டே இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். "என்னடா, பாம்பா?"

"பாம்பா இருந்தாத் தேவலையே!"

"அப்போ என்னன்னு சொல்லேன். பங்காரியா மரத்து மேல சும்மா உக்காந்திருக்கான். கயிறு பிடிக்க வரியா இல்லையா?"

"அப்பா, என் வேலை கயித்துல தொங்குது!"

"அதைத்தான் நானும் சொல்றேன். வா, வந்து பிடி."

அந்த நேரம் பார்த்து ஆராத்யா கூப்பிட்டார். குரல் நடுங்கியது, கோபம் தலைக்கேறினால் மனிதருக்குக் குரல் இப்படித்தான் ஆகும்போலிருக்கிறது என்று ஸ்ரீபாதன் நினைத்தான்.

"ஸ்ரீபாத், சர்வரைப் பாத்தியா? சிர்சி சிர்சின்னு ஒரு ஊரு!"

"சி... சிர்சியா சார்? அது எங்க சார் இருக்கு?"

"எனக்கென்னய்யா தெரியும்! வடக்கே எங்கயாவது இருக்கும். காலைல ஒண்ணு ரெண்டுதான் இருந்தது. இப்ப பாத்தா குட்டி போட்டு வெச்சிருக்கு! ஒருத்தனால எப்படிய்யா இத்தனை போட முடியும்?"

"ஒருத்தனாத்தான் இருக்கணும்னு இல்லையே சார்," என்றான் ஸ்ரீபாதன் மெதுவாக.

"எத்தனை பேரா வேணா இருக்கட்டும். மேடம் பாக்கறதுக்குள்ள அத்தனையும் போகணும். யாரு, எவருன்னு ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம். துடைச்சு விடு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

"அங்க என்ன, மாடு கத்துது?"

"எங்க ஜெயநகர்ல மாடு இல்லாத தெரு ஏது சார்?"

"அதுவும் உண்மைதான்," என்று ஆராத்யா வைத்துவிட்டார்.

ஸ்ரீபாதன் நாற்காலியில் சரிந்தான். ஆராய்ச்சி வேண்டாம் என்று ஆராத்யா சொல்வதா? துளு மீன்காரியைக் கண்டுபிடித்த ஆராத்யாவா? தெரிந்துகொண்டுதான் விளையாடுகிறார், நாலு மணிக்கு மேடம் முன்னால் வைத்து உரிக்கப் போகிறார் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. அதற்குள் சிர்சி என்ற பெயரே சர்வரில் இருக்கக் கூடாது.

சர்வருக்குள் போய் சிர்சி இணைப்புகளை ஒவ்வொன்றாக வெட்ட ஆரம்பித்தான். அவசரத்தில் நடுவே இரண்டு பெங்களூர்களும் போயின. வெட்டிக்கொண்டே வந்தவன், எதன் வழியாக உள்ளே உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தானோ அதையும் சேர்த்து வெட்டினான். திரை இருண்டது. கணினிதான் சமர்த்தாயிற்றே, உடனே புதிதாக இரண்டு சிர்சிகளைப் போட்டுக்கொடுத்தது.

போன் விடாமல் அடித்தது. முதலில் ஆராத்யா: "என்னய்யா பண்ணே? ஒரு படத்தைத் திறந்து வெச்சிருந்தேன், அப்படியே உறைஞ்சுபோச்சு!" அடுத்தது ஃபயாஸ், கூட வேலை பார்ப்பவன், நிஜமாகவே பெங்களூரில் குடியிருப்பவன்: "குரு, என்னைத் தூக்கி வெளியே போட்டுட்டே! குடிச்சிருக்கியா?"

ஃபயாஸிடம் மறைக்க முடியாது. ஸ்ரீபாதன் எல்லாவற்றையும் கொட்டினான். கேட்டுவிட்டு ஃபயாஸ் சிரித்த சிரிப்பில் காது வலித்தது.

"சிரிக்காதடா, வேலை போயிடும்!"

"அழாத குரு. முதல்ல அந்தத் தானாச் சேர்ற ஏற்பாட்டை நிறுத்து. உன் கணினிக்கும் சர்வருக்கும் நேர்ச் சம்பந்தமே வேண்டாம். என் வீட்டுக் கணினிக்குள்ள வா, அங்கேருந்து சர்வருக்குப் போ. அப்போ சர்வருக்கு நீ பெங்களூர்க்காரன். அப்புறம் தொங்கறதை எல்லாம் வெட்டு."

"டேய், நீ மனுஷனே இல்லடா, தெய்வம்!"

"அதெல்லாம் இருக்கட்டும். வரும்போது நல்ல தேன் ஒரு பாட்டில் கொண்டு வா."

அப்படியே செய்தான். ஃபயாஸ் வீட்டு வழியாகச் சுற்றிப் போய், இந்தத் தடவை நிதானமாக, பெயர் பார்த்து, முகவரி பார்த்து வெட்டினான். கடைசி சிர்சியையும் வெட்டிவிட்டுப் பட்டியலை மறுபடி எடுத்தான். பெங்களூர், பெங்களூர், பெங்களூர். தோட்டத்துக்குப் போய்ப் பெருமூச்சு விட்டு, பங்காரியாவுக்கு ஒரு வரிசை முழுவதும் கயிறு பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தான். வந்து பட்டியலைப் பார்த்தவன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான்.

சிர்சி. ஒன்றே ஒன்று. தொங்கல்கூட இல்லை, உயிரோடு இருந்தது.

வெட்டினான். சற்று நேரத்தில் மறுபடி வந்தது. வெட்டினான். வந்தது. தன் கணினியை அணைத்தான். கேபிள் பெட்டியின் மின்சாரச் செருகியையும் பிடுங்கினான். பாக்கு காயவைக்கும் உயரமான மேடைக்கு ஓடினான். அந்தப் பள்ளத்தாக்கிலேயே போன் சிக்னல் கொஞ்சமாவது எட்டிப் பார்க்கும் இடம் அதுதான்.

"ஃபயாஸ், பட்டியலைப் பாரு. சிர்சி இருக்கா?"

"இருக்கு குரு."

"என் கணினி செத்துக் கிடக்குடா!"

"ஆனா சிர்சி உயிரோட இருக்கு. இரு... ஐயோ, ஒரு படத்தைத் திறக்குது குரு! துபாய் மால் படம். இப்ப பெரிசு பண்ணிப் பாக்குது!"

ஸ்ரீபாதன் பள்ளத்தாக்கைச் சுற்றிலும் பார்த்தான். இதுவரைக்கும் அவன் பயந்தது தன்னைப் பார்த்து. இப்போது நிஜமாகவே ஒருவன் கிடங்குக்குள் இருக்கிறான். அதுவும் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து! கஜானனாவின் கேபிள் வாங்கிய வீடுகள் எல்லாவற்றுக்கும் வெளியுலகத்தில் ஒரே முகவரிதான். ஆகவே திருடன் கூப்பிடு தூரத்தில் எங்கேயோ இருக்கிறான்.

"அப்பா, நம்ம பள்ளத்தாக்குல கணினி வெச்சிருக்கறவங்க யாரு?"

சுப்ராய ஹெக்டே வெற்றிலையை மடித்தபடியே யோசித்தார். "நம்ம வீடு. பால் சொசைட்டி. அப்புறம்... யாரு இருக்கா?"

"ஓடைக்கு அக்கரை வீட்டுல?"

"அந்த வீட்டுப் பேச்சை எடுக்காதே! ஓடைத் தண்ணியை மறிச்சவங்க. பொண்ணு கல்யாணத்துக்கே நம்மளைக் கூப்பிடலை. அவங்க வீட்டுல கணினி இருந்தா என்ன, காளைமாடு இருந்தா என்ன?"

"என் கம்பெனிப் படத்தை யாரோ இங்கேருந்து திருடறாங்கப்பா!"

"போடா! நம்ம ஊர்ல பாக்குத் திருடுவான், மிளகு திருடுவான். படத்தையா திருடுவான்? தின்னவா முடியும் அதை?"

மணி நாலை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆராத்யாவைக் கூப்பிட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது ஒரு பெண் குரல். பெங்களூரில் எந்தத் தொடர்பு எல்லைக்கு வெளியே போய்த் தொலைந்தாரோ! கேட்க ஆள் இல்லை. ஸ்ரீபாதனே முடிவெடுத்தான்.

"ஃபயாஸ், அந்த முகவரியையே மொத்தமா அடைச்சிடு. சிர்சிலேருந்து ஒரு ஈ, எறும்பு நுழையக் கூடாது. கிடங்கு, மீட்டிங், மெயில், எதுவும்!"

"உனக்கும் சேத்துத்தானே அடைபடும்?"

"படட்டும். நான் மேடைல உக்காந்து போன் சிக்னல்ல மீட்டிங்குக்கு வந்துடறேன். படம் இழுக்கத்தான் அதுக்குத் தெம்பு இல்லை, பேச்சுக்குப் போதும். போன்ல வந்தா பெங்களூர்னுதான் காட்டும்."

ஃபயாஸ் அடைத்தான். சிர்சி செத்தது. இந்தத் தடவை திரும்பி வரவில்லை. ஸ்ரீபாதனுக்கு மார்பு விரிந்தது. 'சார், சிர்சியை நிரந்தரமாக அடைத்துவிட்டேன். இனி அவன் ஜென்மத்துக்கும் வர முடியாது. ஸ்ரீபாத்' என்று ஆராத்யாவுக்கு ஒரு குறுஞ்செய்தியைத் தட்டிவிட்டான். எப்போது சிக்னல் கிடைக்கிறதோ அப்போது பார்த்து மெச்சிக்கொள்ளட்டும்.

நாலு மணிக்கு, காய்கிற பாக்குக்கு நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முதுகுக்குப் பின்னால் ஜெயநகர் வீட்டுப் புத்தக அலமாரியின் படத்தைப் பொய்யாகப் போட்டுக்கொண்டு மீட்டிங்கைத் திறந்தான். மிஸ்திரி மேடம் வந்தார். நரைத்த குட்டை முடி, மூக்குக் கண்ணாடி, சிரிப்பு என்ற ஒன்றை அறியாத முகம்.

"உங்க மேனேஜர் எங்கே?"

"அவர் ஏரியால கரண்ட் போயிருக்கும் மேடம்."

"இருக்கட்டும். சிர்சி முகவரியை அடைச்சது யாரு?"

"நான்தான் மேடம்!" என்றான் ஸ்ரீபாதன். அப்போது புத்தக அலமாரியைக் கிழித்துக்கொண்டு ஒரு பாக்குக் குலை பின்னால் சறுக்கிப் போனது. மிஸ்திரி மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"நல்ல வேலை செஞ்சீங்க," என்றார். "ஆனா ஒண்ணு. இணைப்பை வெட்டிட்டாலும் வந்து போன தடம் அழியாது. காலைலேருந்து சிர்சிலேருந்து என்னென்ன நடந்திருக்குன்னு எனக்கு முழுசாத் தெரியுது. எத்தனை தடவை அறுந்திருக்கு, எத்தனை தடவை சேந்திருக்கு, பொதுப் பாஸ்வேர்டை ஒரு தடவைகூடத் தப்பாப் போடலை. வெளித் திருடனா இருந்தா நாலு தடவையாவது தப்பாப் போடுவான்."

ஸ்ரீபாதன் போனை முகத்திலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தான்.

"இது உள்ளாள் வேலை. உங்க கம்பெனிச் சம்பளம் வாங்கிக்கிட்டு சிர்சில உக்காந்திருக்கற ஆள். கண்டுபிடிக்கிறது ரொம்பச் சுலபம். இப்பவே எல்லாருக்கும் குறுஞ்செய்தி அனுப்பியாச்சு. நாளைக்குக் காலைல ஆபீஸ் திறக்கும்போது நான் பெங்களூர்ல இருப்பேன். மேனேஜர்லேருந்து வாட்ச்மேன் வரைக்கும் அத்தனை பேரும் அவங்கவங்க நாற்காலில இருக்கணும். எந்த நாற்காலி காலியா இருக்கோ, அந்த ஆள்தான் சிர்சிக்காரர். அவருக்கு அன்னிக்கே கணக்கு முடிஞ்சுது."

"ரொம்ப... ரொம்ப நல்ல யோசனை மேடம்," என்றது ஸ்ரீபாதனின் வாய், அவனைக் கேட்காமலே.

மேடையிலிருந்து அவன் இறங்கவில்லை; விழுந்தான் என்றே சொல்லலாம். சிர்சியிலிருந்து பெங்களூர் பஸ் சாயங்காலம் கிளம்பும். அதை விட்டால் விடிவதற்குள் போய்ச் சேர வேறு வழியே இல்லை. போனில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு சீட் பிடித்துவிட்டான். கடைசிச் சீட், எலும்பு எண்ணும் சீட், ஆனாலும் சீட். ஆனால் சிர்சி வரைக்கும் எப்படிப் போவது? கிராமத்துப் பஸ் மத்தியானத்தோடு சரி. அப்பாவின் ஸ்கூட்டர் மழைக்காலத்தில் படுத்தது, இன்னும் எழுந்திருக்கவில்லை. கஜானனாவைக் கூப்பிட்டால் போன் போகவில்லை. வழியோ காடு, ஏற்றம், திருப்பம்.

"நாளைக்கு ஓடையோர வரிசை பாக்கி இருக்கேடா!" என்று சுப்ராய ஹெக்டே பின்னாலேயே வந்தார்.

"அப்பா, நாளைக்கு என் நாற்காலி காலியா இருந்தா அப்புறம் வருஷம் முழுக்க நான் இங்கதான், கயிறு பிடிச்சுக்கிட்டு!"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அது ஒண்ணும் அவ்வளவு மோசம் இல்லையே," என்றார்.

ஸ்ரீபாதன் வீட்டுக்குள் பாய்ந்தான். துணிகளைப் பையில் திணித்து, மடிக்கணினியை அதன்மேல் செருகி, ஃபயாஸுக்குத் தேன் எடுக்க மறந்து, தோட்டத்துக்குள் ஓடினான். பங்காரியா கௌடா அன்றைய வேலையை முடித்துக்கொண்டு கடைசி மரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். அவருடைய பைக் வேலியோரம் நின்றது. பழைய பைக்தான், பின்சீட்டில் பாதி கிழிந்திருந்தது, ஆனால் அந்த நேரத்தில் ஸ்ரீபாதனுக்கு அது புஷ்பக விமானமாகத் தெரிந்தது.

"பங்காரியாண்ணா! என்னைக் காப்பாத்தணும்! உடனே சிர்சி பஸ் ஸ்டாண்டுல கொண்டு போய் விடணும். பெங்களூர் பஸ்ஸைப் பிடிக்கலேன்னா என் பொழைப்பே போச்சு!"

பங்காரியா அவசரமே இல்லாமல் காலில் கட்டியிருந்த வளையத்தை அவிழ்த்தார். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்துத் துடைத்து உறையில் போட்டார். ஓடைத் தண்ணீரில் முகம் கழுவினார். ஸ்ரீபாதனின் பையையும், வேர்த்துக் கொட்டும் முகத்தையும் ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது.

"கொஞ்சம் முன்னாடி சொல்லக் கூடாதா சின்ன ஹெக்டேரே? பின்சீட்டை அக்கரை வீட்டு மாப்பிள்ளை இப்பத்தான் ஓடையைத் தாண்டி ஓடி வந்து பிடிச்சுட்டுப் போனார். பெங்களூர்ல ஸ்ரீபாதன்னு எவனோ ஒருத்தன் சிர்சி லைனையே மொத்தமா அடைச்சுட்டானாம், விடியறதுக்குள்ள ஆபீஸ் நாற்காலில போய் உக்காரலேன்னா ஆராத்யா சாருக்கு மேனேஜர் வேலை போயிடுமாம்!"